மலிவு ஷேர்டு ஹோஸ்டிங்: எந்தத் தளத்துக்குப் போதும், எதற்குப் போதாது

புதிதாக இணையதளம் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் மலிவு ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது தளங்களை இணையத்தில் வழங்கும் ஒரே கணினியை (சர்வர்) பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகைச் சேவை. மாதக் கட்டணம் மிகக் குறைவு, ஓராண்டுக்கு டொமைன் (தளத்தின் பெயர்) இலவசம், இடம் ‘அன்லிமிடெட்’, தளத்தை எழுதி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை ஒரே கிளிக்கில் நிறுவிக்கொள்ளலாம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டாலோ, “ஷேர்டு பக்கமே போகாதீர்கள், விபிஎஸ் (பெரிய சர்வருக்குள் உங்களுக்கென்று பிரித்துத் தரும் தனிக் கணினி) எடுங்கள்” என்கிறார்கள். இரண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரைத் தளங்கள், தொழில் அறிமுகப் பக்கங்கள், சிறு அமைப்புகளின் தளங்கள், தனிப்பட்ட வலைப்பதிவுகள் ஆகியவற்றுக்கு ஒழுங்காக நடத்தப்படும் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். சிக்கல் என்னவென்றால், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்களைப் பார்த்துத்தான் பலரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தளம் ஓடுமா, திணறுமா என்பதைத் தீர்மானிக்கும் எண்கள் வேறு. அவை விதிமுறைப் பக்கத்தில் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். இன்னொன்று, பிடிக்காவிட்டால் எவ்வளவு சுலபமாக வெளியேறலாம் என்ற கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். அதற்கு நல்ல பதில் இருந்தால் தவறான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை.

விலை ஏன் இவ்வளவு குறைவு

ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் தளங்களை வைப்பதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) தேவைப்பட்டது. பிரவுசர் தனக்கு எந்தத் தளம் வேண்டும் என்று பெயரோடு கேட்கும் முறையை 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறை) தரம் கட்டாயமாக்கியது. அதன்பின் ஒரே முகவரியில் எத்தனை தளங்களை வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. 1996இல் வந்த சிபேனல் போன்ற கண்ட்ரோல் பேனல்கள், லினக்ஸ் கட்டளை ஒன்றுகூடத் தெரியாதவர்களும் மின்னஞ்சல் கணக்கு, டேட்டாபேஸ் எல்லாம் தாங்களே உருவாக்கிக்கொள்ள வழி செய்தன.

சிறு தளங்களில் பெரும்பாலானவை நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். அதனால் ஒரு சர்வர் உண்மையில் தாங்கக்கூடியதைவிட அதிக இடத்தையும் திறனையும் நிறுவனங்களால் விற்க முடிகிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு அளவையும் கேட்கப்போவதில்லை என்ற கணக்கில்தான் விலையே குறைகிறது. அளவோடு செய்தால் வாடிக்கையாளருக்கும் அது லாபம்தான். எவ்வளவு நெருக்கி அடைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நல்ல நிறுவனமும் மோசமான நிறுவனமும் வேறுபடுகின்றன. அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

முன்பெல்லாம் ஒரு தளத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் அதே சர்வரில் இருக்கும் மற்ற தளங்களும் சேர்ந்து படுத்துவிடும். 2010இல் வந்த கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் இதைப் பெருமளவு சரிசெய்தது. ஒவ்வொரு கணக்கும் இவ்வளவு சிபியு, இவ்வளவு நினைவகம், இவ்வளவு டிஸ்க் வேகம்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று அது எல்லை வகுத்தது. இன்று ஷேர்டு ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல இதைத்தான் பயன்படுத்துகின்றன. பக்கத்துத் தளத்தால் வரும் தொல்லை குறைந்தது. பதிலுக்கு, உங்கள் தளத்தையும் அதே எல்லை கட்டிப்போட்டது.

பார்க்க வேண்டிய எண்கள்

விளம்பரத்தில் வருவது டிஸ்க் இடமும் பேண்ட்வித்தும் (தளத்திலிருந்து போய்வரும் தரவின் அளவு). ஒரு சாதாரணத் தளம் இந்த இரண்டையும் தொட்டுக்கூடப் பார்க்காது. முட்டுவது வேறு இடங்களில்.

முதலாவது, எண்ட்ரி பிராசஸ். ஒரே கணத்தில் உங்கள் கணக்கில் எத்தனை பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கோரிக்கைகள் ஓடலாம் என்ற வரம்பு இது. கிளவுட்லினக்ஸின் தொடக்க அமைப்பில் இது 20. “அப்படியானால் என் தளத்தை 20 பேர்தான் பார்க்க முடியுமா?” என்று பலர் பயந்துபோகிறார்கள். அப்படி இல்லை. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை நொடி ஆகிறது என்றால், 20 வரம்புக்குள் ஒரு நொடிக்கு 40 பக்கங்கள் வரை தரலாம். சிறு தளத்துக்கு அது மிக அதிகம். அதே பக்கம் கனமான தீமும் (தோற்ற வடிவமைப்பு) இருபது முப்பது பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் நிரல்கள்) சேர்ந்து இரண்டு நொடி எடுத்துக்கொண்டால், நொடிக்குப் பத்துப் பக்கம்தான். நடைமுறையில் அதற்கும் முன்பே சிபியு வரம்பு முட்டிவிடும். சிபியு முட்டினால் தளம் மெதுவாகும். மெதுவாவதால் கோரிக்கைகள் வரிசையில் தேங்கும். தேங்கினால் எண்ட்ரி பிராசஸ் வரம்பும் நிரம்பி, வருபவர்களுக்கு 508 என்ற பிழைப்பக்கம் தெரியும். எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நடப்பது.

இதற்கான மருந்து கேஷ். ஒருமுறை தயாரித்த பக்கத்தை அப்படியே சேமித்து வைத்து, அடுத்து வருபவர்களுக்கு பிஎச்பியையே எழுப்பாமல் கொடுத்துவிடுவது. லைட்ஸ்பீட் என்ற சர்வர் மென்பொருளை வைத்திருக்கும் நிறுவனங்களில் அதற்கான கேஷ் பிளகின் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாருக்கும் ஒரே பக்கம் காட்டும் கட்டுரைத் தளத்தில் இது வேலை செய்யும் விதம் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். சாதாரண ஷேர்டு கணக்கே பெரிய கூட்டத்தைத் தாங்கிவிடும். ஆனால் கடைத் தளத்தில் கூடை, பணம் செலுத்தும் பக்கம், உள்நுழைந்தவரின் கணக்குப் பக்கம் எதையும் கேஷ் செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். உறுப்பினர் தளங்கள், ஆன்லைன் வகுப்புத் தளங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே, வருபவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைவிட, அவர்களில் எத்தனை பேருக்குத் தனித்தனியாகப் பக்கம் தயாரிக்க வேண்டியிருக்கிறது என்பதே முக்கியம். மலிவுத் திட்டம் போதுமா என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

இரண்டாவது, டிஸ்க் வேகம். தொடக்க அமைப்பில் இது நொடிக்கு 1 எம்பி. பல நிறுவனங்கள் இதை உயர்த்தித் தருகின்றன, சில அப்படியே விட்டுவிடுகின்றன. நொடிக்கு 1 எம்பி என்றால் 2 ஜிபி பேக்கப் (காப்புப் பிரதி) எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்கத் தளமும் தள்ளாடும். “இடம் அன்லிமிடெட்” என்ற வாக்குறுதி எவ்வளவு வெறுமையானது என்று இதிலிருந்தே புரியும்.

மூன்றாவது, ஐநோடு. கணக்கில் மொத்தம் எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்ற வரம்பு. வேர்ட்பிரஸை நிறுவியவுடனே ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்துவிடும். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்தையும் அது பல அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்ளும். அப்புறம் மின்னஞ்சல்: இந்த சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் பொதுவாக ஒரு தனிக் கோப்பு. கேஷ் கோப்புகள் வேறு. வரம்பைத் தாண்டினால் பேக்கப் எடுப்பதை நிறுத்திவிடுவோம் என்று சில நிறுவனங்கள் விதிமுறையில் எழுதிவைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியையாவது தேடிப் படியுங்கள்.

இந்த மூன்றையும் இணையதளத்திலேயே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் நிறுவனத்துக்கு நான் உடனே ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவேன். கேட்டும் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடலாம்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் கொஞ்சம் முக்கியம். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். உங்கள் வாசகர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒருமுறை போய்வரவே 100 மில்லிநொடி ஆகும். பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்திப் பக்கம் வந்து சேர இப்படிச் சில முறை போய்வர வேண்டும். கிளவுட்ஃப்ளேர் போன்ற சிடிஎன்னின் (உலகின் பல இடங்களில் பிரதிகளை வைத்துத் தரும் சேவை) இலவசத் திட்டம் படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் வாசகருக்குப் பக்கத்திலிருந்து கொடுத்துவிடும். ஆனாலும் வாசகர்களில் பெரும்பாலோர் இருக்கும் கண்டத்திலேயே சர்வர் இருப்பது நல்லது.

ஒரே சர்வரில் மற்றவர்களோடு

பாதுகாப்பைப் பொறுத்தவரை மக்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். பக்கத்துக் கணக்கில் வைரஸ் புகுந்தால் நம் தளத்துக்கும் வந்துவிடுமோ என்ற பயம்தான் அதிகம். கணக்குகளைத் தனித்தனியே பிரித்து வைக்கும் கேஜ்எஃப்எஸ் போன்ற ஏற்பாடு உள்ள சர்வரில் அந்த ஆபத்து குறைவு. உண்மையான ஆபத்து உங்கள் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ‘அன்லிமிடெட் வெப்சைட்’ என்ற திட்டத்தை எடுத்து, ஒரே கணக்கில் ஏழெட்டுத் தளங்களைப் போட்டுவைக்கிறார்கள். அவை எல்லாம் ஒரே பயனர் அனுமதியில் ஓடுகின்றன. அதில் எப்போதோ சோதனைக்காகப் போட்டு மறந்துபோன ஒரு பழைய வேர்ட்பிரஸ் இருந்தால் போதும். அதன் வழியாக உள்ளே வந்தவர் மற்ற எல்லாத் தளங்களின் கோப்புகளிலும் கை வைக்கலாம். ஒன்றைச் சுத்தம் செய்தாலும் இன்னொன்றிலிருந்து திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். முக்கியமான தளத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். இந்த விஷயத்தில் மலிவுக்காக விட்டுக்கொடுப்பது வீண்.

மின்னஞ்சலில்தான் ஷேர்டு ஹோஸ்டிங் உண்மையிலேயே பலவீனம். சர்வரின் ஐபி முகவரி எல்லாருக்கும் பொது. அதில் ஒருவர் குப்பை மின்னஞ்சல்களை அள்ளிவிட்டால் அந்த முகவரியே தடைப்பட்டியலில் ஏறிவிடும். நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் போய் விழும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநருக்கான விதிகளை இறுக்கிவிட்டன. மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சரியாக வைத்துக்கொள்வது இப்போது அடிப்படைத் தேவை. தொழிலுக்கான மின்னஞ்சலை ஹோஸ்டிங்கோடு சேர்த்து வைக்காமல், மின்னஞ்சலுக்கென்றே இருக்கும் தனிச் சேவையில் வைத்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும்போது பழைய மின்னஞ்சல்களைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

விலையைக் கணக்கிடும் விதம்

விளம்பரத்தில் தெரிவது முதல் காலத்துக்கான விலை. அதுவும் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால்தான் கிடைக்கும். ரினியூவல் வரும்போது அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது சர்வசாதாரணம். மாதம் 1 பங்கு என்று மூன்று ஆண்டு கட்டியவருக்கு அடுத்த மூன்று ஆண்டு மாதம் 3 பங்கு ஆனால், ஆறு ஆண்டில் சராசரியாக அவர் கட்டியது மாதம் 2 பங்கு. பக்கத்திலேயே, எப்போதும் ஒரே விலை என்று 2 பங்குக்கு விற்கும் நிறுவனத்தை “விலை அதிகம்” என்று அவர் ஒதுக்கியிருப்பார். ரினியூவல் விலையை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். பல நிறுவனங்களின் மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

கண்ட்ரோல் பேனல் செலவும் விலைக்குள் இருக்கிறது. 2019இல் சிபேனல் தன் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றியது. ஒரு சர்வரில் நிறையக் கணக்குகள் வைத்திருந்த நிறுவனங்களுக்கு இது பெரிய அடி. அதன்பின் பல நிறுவனங்கள் விலையை ஏற்றின. சில டைரக்ட்அட்மின் போன்ற மாற்றுகளுக்கோ தாங்களே எழுதிய பேனலுக்கோ போய்விட்டன. நிறுவனம் தானே எழுதிய பேனல் பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் சிபேனல் இருந்தால் கணக்கை முழுதாக அப்படியே இடம் மாற்றலாம். தனிப் பேனலில் அந்தச் சௌகரியம் கிடைக்காது. வெளியேறும் வழி பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே, அதில் இது ஒரு பகுதி.

பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே டிக் ஆகியிருக்கும் கூடுதல் சேவைகளைக் கவனமாகப் பாருங்கள். இணைப்பைப் பாதுகாப்பானதாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. ஒழுங்கான எந்த ஹோஸ்டிங்கிலும் அது தானாகவே புதுப்பிக்கப்படும். கூகுள் தேடலில் முன்னே வர உதவும் என்று விற்கும் ‘எஸ்இஓ கருவி’ போன்றவையும் தேவையில்லை. பேக்கப்பை மீட்டுத் தர ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமர்சனப் பக்கங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “சிறந்த பத்து ஹோஸ்டிங்” என்று வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை, அந்த இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் வகையில் எழுதப்பட்டவை. இந்தத் தொழிலில் கமிஷன் கணிசமானது. எனவே வரிசை எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, தனித்தனி நிறுவனங்கள்போலத் தெரியும் பெயர்கள் ஒரே உரிமையாளரிடம் இருக்கும். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டுமே நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்குத் தாவுபவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

மாற்று வழிகள்

விபிஎஸ் என்பது ஒரு பெரிய சர்வருக்குள் உங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கப்படும் தனிக் கணினி. நினைவகம் உங்களுடையது, என்ன மென்பொருள் வேண்டுமானாலும் நிறுவலாம், நோட்ஜேஎஸ், பைத்தான் போன்றவற்றில் எழுதிய, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய செயலிகளை வைக்கலாம். ஷேர்டு கணக்கில் இவற்றை வைப்பது கஷ்டம். நீண்ட நேரம் ஓடும் வேலைகளை சர்வர் நிறுத்திவிடும். லினோடு, டிஜிட்டல்ஓஷன், ஹெட்ஸ்னர் போன்றவற்றின் சிறிய விபிஎஸ்ஸின் மாதக் கட்டணம் ஷேர்டு ஹோஸ்டிங்கின் ரினியூவல் விலைக்கு அருகிலேயே இருக்கும். அதனால்தான் “அதே காசுக்கு விபிஎஸ்” என்ற பேச்சு எழுகிறது.

காசு அதேதான், வேலை அதே அல்ல. பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது, ஃபயர்வால் அமைப்பது, டேட்டாபேஸ் நினைவகம் போதாமல் நின்றுவிட்டால் எழுந்து பார்ப்பது, லாக் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பிவிடாமல் கவனிப்பது, பேக்கப் எடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதையெல்லாம் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார். திருத்தம் செய்யாமல் ஓராண்டு கிடக்கும் விபிஎஸ்ஸைவிட, சுமாரான ஷேர்டு ஹோஸ்டிங் பலமடங்கு பாதுகாப்பானது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வேகத்தை மட்டும் பார்த்து விபிஎஸ்ஸுக்கு அனுப்பப்படும் பலருக்கு இந்த வேலையைச் செய்ய நேரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. சர்வர் வேலை பிடிக்கும், கற்றுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாக எடுங்கள். நிறுவனமே பராமரித்துத் தரும் மேனேஜ்டு விபிஎஸ் என்றால் விலை வெகுவாக ஏறிவிடும்.

ஸ்டாடிக் ஹோஸ்டிங்கைப் பலரும் யோசித்துப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். தளத்தில் இருப்பது கட்டுரைகளும் படங்களும் மட்டுமே என்றால் டேட்டாபேஸே தேவையில்லை. ஹ்யூகோ, ஜெக்கில், லெவன்டி போன்ற கருவிகள் உங்கள் எழுத்தை முன்கூட்டியே எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றித் தந்துவிடும். அதை கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை ஆகியவற்றில் இலவசமாகவே வைக்கலாம். கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் பேண்ட்வித் ஏறக்குறைய 100 ஜிபி. எழுத்துத் தளத்துக்கு இது தாராளம். ஊடுருவ பிஎச்பி இல்லை, புதுப்பிக்கப் பிளகின் இல்லை, 508 பிழையும் இல்லை. ஆனால் எழுதுபவர் மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுதும் முறை), கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) போன்றவற்றைப் பழகிக்கொள்ள வேண்டும். தொடர்புப் படிவம், கருத்துப் பெட்டி, தேடல் ஆகியவற்றுக்கு வெளிச் சேவைகளை ஒட்டவைக்க வேண்டும். பல பேர் சேர்ந்து எழுதும் தளம், அதிலும் கணினியோடு அவ்வளவு பழக்கமில்லாதவர்கள் எழுதும் தளம் என்றால், வேர்ட்பிரஸின் எழுதும் பெட்டியே அவர்களுக்குச் சுலபம். அங்கே ஷேர்டு ஹோஸ்டிங் ஜெயிக்கிறது. கிட்ஹப் பேஜஸில் வணிகக் கடை நடத்துவதற்கு அனுமதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாகர், வேர்ட்பிரஸ்.காம், விக்ஸ் போன்ற ஆயத்தச் சேவைகளில் பராமரிப்புக் கவலை இல்லை. ஆனால் வெளியேறும் வழி ஒவ்வொன்றிலும் வேறு. பிளாகரிலிருந்தும் வேர்ட்பிரஸ்.காமிலிருந்தும் பதிவுகளை ஏற்றுமதி செய்துகொள்ளலாம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே இன்னொரு சர்வருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 2009 அக்டோபரில் யாகூ தன் இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு நாள் வந்தாலும் முகவரி கையில் இருக்கும்.

பேக்கப்பும் அப்டைமும்

99.9 சதவீத அப்டைம் (தளம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்) என்று எல்லாரும் போடுகிறார்கள். 30 நாள் மாதத்துக்கு அது 43 நிமிடம் தளம் நிற்கலாம் என்று பொருள். வாக்குறுதி மீறப்பட்டால் கிடைப்பது பெரும்பாலும் கட்டணத்தில் சிறு தள்ளுபடி, அதுவும் நீங்கள் கேட்டால். வலைப்பதிவுக்கு 43 நிமிடம் ஒன்றுமே இல்லை. விற்பனை நடக்கும் தளத்துக்கு, அந்த 43 நிமிடம் எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

பேக்கப் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். மலிவு நிறுவனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பர்க் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதுமாக எரிந்துபோனது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். ஆகவே வாரம் ஒருமுறையாவது கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்ந்த ஒரு பிரதி, ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஓரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். இலவச வேர்ட்பிரஸ் பிளகின்களே இதைச் செய்துவிடும். ஒருமுறையாவது அந்தப் பிரதியை வேறிடத்தில் விரித்துத் தளம் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பார்க்காத பேக்கப்பை நம்பி இருக்க முடியாது.

யாருக்கு எது

ஒரே ஆள் எழுதும் தளம், கணினி பழக்கம் உண்டு என்றால் ஸ்டாடிக். கணினியில் ஆர்வமில்லாதவர் எழுதும் வலைப்பதிவு, சங்கம் அல்லது பள்ளியின் தளம், சிறு தொழிலின் அறிமுகப் பக்கம் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங், அதில் மிக மலிவானதற்கு அடுத்த படி. மிக மலிவான திட்டத்தில் சிபியு, நினைவக வரம்புகளை வேண்டுமென்றே இறுக்கி வைத்திருப்பார்கள். அடுத்த படிக்கு விலை கொஞ்சம்தான் கூடும், வரம்பு கணிசமாக விரியும். மாதத்தில் ஓரிரு விற்பனை நடக்கும் கடையை அங்கேயே தொடங்கலாம். விற்பனைதான் வருமானம் என்று ஆகிவிட்டால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். வேர்ட்பிரஸைத் தொடர்பவர்கள் மேனேஜ்டு வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங்குக்குப் போகலாம். பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்குக் கடைக்கென்றே இருக்கும் சேவைகள் உண்டு. சொந்தமாக எழுதிய செயலி என்றால் ஷேர்டு பக்கம் போக வேண்டாம், நேராக விபிஎஸ்.

ஷேர்டு என்று முடிவு செய்தால், டொமைனை அதே நிறுவனத்தில் வாங்காமல் தனியாகப் பதிவாளரிடம் வாங்குங்கள். ‘இலவச’ டொமைனின் ரினியூவல் விலை பெரும்பாலும் வெளியே இருப்பதைவிட அதிகம். பதிவு செய்த முதல் 60 நாளுக்குள் பொதுவாக அதை வேறு பதிவாளருக்கு மாற்றவும் முடியாது. அந்த நேரத்தில் நிறுவனத்தோடு ஏதாவது தகராறு வந்தால், தளத்தோடு சேர்த்துப் பெயரும் அவர்கள் பிடியில் இருக்கும்.

பணம் திரும்பக் கிடைக்கும் காலம் பொதுவாக 30 நாள். அதை விடுமுறைபோலக் கழிக்காமல் சோதனைக் காலமாகப் பயன்படுத்துங்கள். உண்மையான தீம், உண்மையான படங்களோடு தளத்தை ஏற்றுங்கள். கேஷை அணைத்துவிட்டு, முதல் பைட் (பக்கத்தின் தரவில் முதல் துளி) வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாளின் வெவ்வேறு வேளைகளில் பாருங்கள். 0.8 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் தரும் அளவுகோல். காலையில் அரை நொடி, மாலையில் மூன்று நொடி என்று ஆடினால் சர்வரில் கூட்டம் அதிகம் என்று பொருள். சரி, பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாம். எந்த பிஎச்பி பதிப்பு கிடைக்கிறது என்றும் பாருங்கள். 7.4க்கான ஆதரவே 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. அதைத் தாண்டாத நிறுவனம் வேறு எதையும் புதுப்பித்திருக்காது. நள்ளிரவில் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு ஒரு டிக்கெட் (கோரிக்கை) போடுங்கள். “என் கணக்கின் எண்ட்ரி பிராசஸ் வரம்பு எவ்வளவு?” என்ற ஒரே கேள்வி போதும். எண்ணோடு பதில் வந்தால் மறுமுனையில் விஷயம் தெரிந்தவர் இருக்கிறார். “பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்” என்று வந்தால், உண்மையான சிக்கல் வரும் நாளிலும் அதே பதில்தான் வரும்.

தளம் வளர்ந்த பிறகு எப்போது நகர வேண்டும் என்பதற்கும் உணர்ச்சிவசப்படத் தேவையில்லை. கண்ட்ரோல் பேனலில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ என்ற பக்கம் இருக்கும். எந்த நாளில், எந்த வரம்பு, எத்தனை முறை முட்டியது என்று அதில் தெரியும். முதலில் கேஷ் சரியாக வேலை செய்கிறதா, எந்தப் பிளகின் சுமையை ஏற்றுகிறது, தேவையில்லாத போட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) வந்து குடைகின்றனவா என்று பாருங்கள். பாதிச் சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடும். அதன்பிறகும் வாரந்தோறும் முட்டினால் நகர்ந்துவிடுங்கள். நகர்வதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் (தளத்தின் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) டிடிஎல்லை (மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் காலம்) 300 நொடிக்குக் குறைத்துவிட்டால், புதிய சர்வரின் முகவரி உலகம் முழுவதும் சீக்கிரம் போய்ச் சேரும். புதிய இடத்தில் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானாலும் பழைய கணக்கை ஒரு வாரமாவது மூடாமல் வைத்திருங்கள். மாற்றம் நடந்த நேரத்தில் பழைய சர்வருக்குப் போன படிவங்களும் ஆர்டர்களும் அதன் டேட்டாபேஸில்தான் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்ட பிறகு மூடலாம்.